வாடைக் காற்றில் அறுந்த இணைப்பு: ஒரு ரவுட்டருடன் நான்கு ஆண்டுகள்

மூதூரில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "ரீச்சர், நீங்கள் பாவிக்கிற அந்த ரவுட்டரின் விலை இறங்கியிருக்கிறதாம். வாங்கலாமா?" என்று கேட்டார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வரும் இணையத்தைக் கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அந்தக் கருவியை நான்கு ஆண்டுகளாக இரவு பகலாக இயக்கி வருகிறேன். அவற்றில் இரண்டு வாடைக் காலங்களை, வந்து வந்து அறுந்த ஒரு கேபிள் இணைப்பைத் தேடுவதிலேயே கழித்திருக்கிறேன். ஆகையால் அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் வேகங்களையும் அன்டெனா எண்ணிக்கையையும் நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. பாடசாலைகள் மூடிக் கிடந்த 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் வகுப்பை இணையத்தில் நடத்துவதற்காக இதை வாங்கினேன். பாடசாலைகள் திறந்த பின்னரும் அந்த மாலை வகுப்பு நிற்கவில்லை. குச்சவெளியிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் பிள்ளைகள் இரவில் திருகோணமலை நகரத்துக்கு வந்து திரும்புவது இலகுவான காரியமல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களிலும், 12 வோல்ட் சிறிய மின்சேமிப்புப் பெட்டி ஒன்றில் இணைத்தபோது இந்த ரவுட்டர் ஒரு முணுமுணுப்பும் இன்றி இயங்கியது. ஒருமுறைகூடத் தானாக உறைந்து நின்றதில்லை. உப்புவெளியில், கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டில், நான்கு ஆண்டுகள் ஒரு மின்கருவி பிழைத்திருப்பதே பாராட்டத்தக்கது என்பதை இங்கு வசிப்பவர்கள் அறிவார்கள்.

இனி, என்னை அலைக்கழித்த விடயத்துக்கு வருகிறேன். ரவுட்டர் முன் விறாந்தையில் இருக்கிறது. அதிலிருந்து வெளிச்சுவரின் கூரைத் தாழ்வாரத்தின் கீழாக 28 மீற்றர் கேபிள் ஓடி, கடலைப் பார்த்த மாடி அறையின் சுவர்ப்பெட்டியில் முடிகிறது. வகுப்பு எடுக்கும் கணினி அந்தச் சுவர்ப்பெட்டியோடு இணைந்திருக்கும். வைஃபை அலை மாடிக்கு வந்து சேர்வதற்குள் தளர்ந்துவிடும் என்பதனாலும், வயர் என்றால் நம்பலாம் என்ற எண்ணத்தினாலும் இந்த ஏற்பாட்டைச் செய்தேன். 2022 நவம்பரில், மழையோடு வாடை தொடங்கிய கிழமையில், இணைப்பு முதன்முறையாக அறுந்தது. மூன்று அல்லது நான்கு செக்கன்கள் மட்டுமே போய், தானாகவே திரும்பி வந்தது. அந்த நான்கு செக்கன்களின் விளைவாக வகுப்பு மென்பொருள் என்னை வெளியே தள்ளி, மறுபடி உள்ளே எடுக்க அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஒட்சியேற்ற எண்ணை விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒரே இரவில் ஐந்து தடவை அப்படி நடந்தால், பின்தங்கிய பிள்ளை அன்று அந்தப் பாடத்தை இழந்துவிடும். பரீட்சைக்கு இரண்டு மாதமளவே இருந்த பிள்ளைகள் பொறுமையாக "பரவாயில்லை ரீச்சர்" என்று எழுதியதைப் பார்க்கையில் எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் முழுமையாக ஆறவில்லை.

எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: இரவு ஏழு மணிக்குப் பிறகு ஊரே இணையத்தில் இருக்கும், நெரிசலால் அறுகிறது என்றார்கள். அறுதல்கள் இரவிலேயே வந்தபடியால் நானும் அதை நம்பினேன். இணைப்பு வழங்கும் நிறுவனத்திலிருந்து இரு தடவை ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவரும் ஒளியிழையான ஃபைபரின் நுனியை மாற்றினார்கள், ஒளியின் அளவைப் பார்த்தார்கள், மைனஸ் 19 டீபீஎம் என்று காட்டியது, அது நல்ல அளவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னது உண்மை. ஆயினும், ஃபைபர் அறுந்தால் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரியும் என்பதையும், என் வீட்டில் அது ஒருநாளும் எரியவில்லை என்பதையும் இருவரில் ஒருவராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

2023 மார்ச்சில் ரவுட்டரின் மின் அடாப்டரை மாற்றினேன். அறுதல் நின்றது. மே மாதத்தில் கச்சான் காற்று வீசத் தொடங்கி, ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து சூடும் வறட்சியும் வந்துகொண்டிருந்தன. அந்த மாதங்கள் முழுவதும் இணைப்பு ஒரு தடவைகூட அறவில்லை. அடாப்டர்தான் குற்றவாளி என்று தீர்மானித்து, கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னேன். அது பிழையான தீர்மானம் என்பதை அவ்வாண்டு நவம்பர் காட்டியது. வாடையோடு அறுதலும் திரும்பி வந்தது. நான் அடாப்டரை மாற்றிய மாதத்தில் காலநிலையும் மாறியிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு மாறிகள் மாறினால் முடிவு எடுக்கக்கூடாது என்று ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவள் நான் என்பதால், அதன் பிறகு எல்லாவற்றையும் குறிப்புக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன்.

முதலில் செய்ததுதான் மிகவும் பயன்பட்டது. அதற்குச் செலவு எதுவும் இல்லை. கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1ஐயும் மற்றதில் வெளியுலக முகவரியான 8.8.8.8ஐயும் இடைவிடாமல் பிங் செய்ய, அதாவது சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்க, விட்டேன். வெளியுலகச் சாளரம் மட்டும் தடுமாறினால் குறை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. இரண்டும் ஒருசேரத் தடுமாறினால் குறை வீட்டுக்குள்ளேயே, கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கிறது. அன்றிரவு 8.10க்கு இரண்டு சாளரங்களும் ஒரே கணத்தில் நின்றன. இரண்டிலும் 'ஜெனரல் ஃபெயிலியர்' என்ற வரி வந்தது. கேபிளைக் கையால் பிடுங்கினாலும் அதே வரிதான் வரும். ஊர் நெரிசல் என்ற கதை அந்த நொடியோடு முடிந்தது. மூன்று நான்கு செக்கன் என்ற அளவுக்கும் அப்போது பொருள் விளங்கியது: கிகாபிட் (செக்கனுக்கு 1000 மெகாபிட்) இணைப்பொன்று அறுந்தால், இரு முனைகளும் தங்களுக்குள் வேகத்தைப் பேசி முடிவுசெய்து மறுபடி இணைய எடுக்கும் நேரம் ஏறத்தாழ அவ்வளவுதான். ரவுட்டரே அணைந்து மறுபடி இயங்கியிருந்தால் நிமிடக் கணக்கில் எடுத்திருக்கும்.

இந்த இடத்தில்தான் ரவுட்டர் மீது எனக்குள்ள மனக்குறை தொடங்குகிறது. கேபிள் அறுவதை முதலில் அறிவது ரவுட்டர். அதன் பின்பக்கத்தில் கேபிள் செருகும் துவாரங்கள் நான்கு இருக்கின்றன. முன்பக்கத்தில் அந்த நான்குக்கும் சேர்த்து ஒரேயொரு விளக்குத்தான் இருக்கிறது. தொலைக்காட்சியும் அதே ரவுட்டரில் செருகப்பட்டிருந்தபடியால், மாடி அறைக் கேபிள் அறுந்தபோதெல்லாம் அந்த விளக்கு ஒன்றும் நடக்காததுபோல எரிந்துகொண்டேயிருந்தது. பதிவேட்டைத் திறந்தால், யார் வைஃபையில் நுழைந்தார், யாருக்கு எந்த முகவரி கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் வரிவரியாக இருந்தன. எந்தத் துவாரம் எத்தனை மணிக்கு அறுந்தது என்ற ஒரு வரிகூட இல்லை. மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் அந்தப் பதிவேடும் அழிந்து, நேரம் 1970 ஜனவரி 1 என்று தொடங்குகிறது. இணையத்திலிருந்து நேரத்தைப் பெறும் வரை அப்படியே இருக்கிறது. கிகாபிட் வேகத்துக்கும் அழகான செயலிக்கும் உழைத்தவர்கள், இரண்டு ரூபாய் பெறாத மூன்று சிறு விளக்குகளை ஏன் விட்டார்கள் என்று நான் இன்றும் கேட்கிறேன்.

ரவுட்டர் சொல்லாததை வேறு வழியில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிளக்குகளைக் கொண்ட சிறு கேபிள்களை மாற்றினேன், துவாரத்தை மாற்றினேன், கணினியின் மின்சிக்கன அமைப்பை நிறுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று இரவுகள் கொடுத்தும் பலன் இல்லை. பிறகு அலுமாரியில் கிடந்த, 100 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாத கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பழைய நெட்வேர்க் ஸ்விட்ச் ஒன்றை எடுத்து, மாடி அறையில் சுவர்ப்பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில் வைத்தேன். ஒன்பது இரவுகள், அதுவும் தொடர் மழையோடு வாடை அடித்த இரவுகள், ஒரு பிங்கும் தவறவில்லை. பத்தாம் இரவு அந்த ஸ்விட்சை எடுத்துவிட்டேன். வகுப்பு முடிவதற்குள் ஏழு தடவை அறுந்தது.

இந்தப் பரிசோதனையின் பெறுமதி இதுதான். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. கிகாபிட் வேகத்துக்கு நான்கு சோடிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6ஆம் இலக்கக் கம்பிகளான செம்மஞ்சள், பச்சைச் சோடிகள் இரண்டும் போதும். மெதுவான வேகத்தில் எல்லாம் சுகமாக இருக்கிறதென்றால் அந்த இரண்டு சோடிகளும் நன்றாக இருக்கின்றன. நோய் நீலத்திலோ மண்ணிறத்திலோ இருக்கிறது. இருபத்தெட்டு மீற்றரையும் தடவிப் பார்க்காமலேயே எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர்ப்பெட்டியைத் திறந்தேன். மண்ணிறச் சோடி செருகப்பட்டிருந்த உலோகப் பிளவுகளைச் சுற்றி வெள்ளை மாவு படிந்து, அதன் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. கம்பியொன்றைக் கத்தியால் மெதுவாகச் சுரண்டினேன். செம்பு நிறம் உடனே போய், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. சுற்றுறையில், கிகாபிட் வேகத்துக்கு ஏற்ற கேபிள் தரமான கேட் 5ஈ என்று அச்சிடப்பட்டிருந்த அந்தக் கேபிள் செம்புக் கம்பியால் ஆனதல்ல. அலுமினியக் கம்பிக்கு மேலே மெல்லிய செம்புத் தோல் போர்த்தியது. கேட் 5ஈ தரத்துக்கு அத்தகைய கம்பி ஏற்றுக்கொள்ளப்பட்டதே அல்ல. அலுமினியத்தின் தடைத்திறன் செம்பினுடையதைப்போல ஏறத்தாழ 1.6 மடங்கு. 28 மீற்றருக்கு அந்தத் தடையைப் பொறுத்துக்கொள்ளலாம். கடற்கரை வீட்டில் பொறுக்க முடியாதது வேறொன்று.

சுவர்ப்பெட்டியின் பிளவு, கம்பியின் உறையை வெட்டிப் பிடிக்கும்போது அந்தச் செம்புத் தோலையும் கிழிக்கிறது. அதனால் அலுமினியமும் செம்புக் கலப்புலோகமும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்கின்றன. நியம மின்வாய் அழுத்தம் அலுமினியத்துக்கு மைனஸ் 1.66 வோல்ட், செம்புக்குப் பிளஸ் 0.34 வோல்ட். நடுவில் உப்புநீர் ஒரு துளி சேர்ந்தால் அங்கே ஒரு மின்கலமே உருவாகிவிடுகிறது. அலுமினியம் அனோட்டாகிக் கரைகிறது, மின்னைக் கடத்தாத வெள்ளை விளைபொருள் தொடுகையை மூடுகிறது. துளி எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு விளங்கியது. யன்னல் வழியாக ஆண்டு முழுவதும் வந்து படிந்த உப்புத்தூள், வளியின் சாரீரப்பதன் 75 சதவீதமளவைக் கடக்கும்போது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து நீராகிறது. பகலில் வெயில் ஏற அது உலர்கிறது. வாடைக்கால இரவில் மறுபடி கரைகிறது. கச்சானின் வறட்சியில் மாதக்கணக்காக உலர்ந்தே கிடக்கிறது. நெரிசல் என்று எல்லோரும் சொன்ன இரவு ஏழு மணி, உண்மையில் அந்த உப்பு கரையும் நேரம். இரண்டு வாடைக்காலப் புதிர், நான் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதும் மின்னிரசாயனப் பாடத்துக்குள் வந்து அமைந்ததைப் பார்த்து அன்று மாலை வரை நான் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. அந்தச் சுவர்ப்பெட்டியை எடுத்துச் சென்று வகுப்பில் காட்டினேன். இப்போது அது ஆய்வுகூட அலுமாரியில் இருக்கிறது.

பழுதுபார்த்ததைச் சொல்ல அதிகம் இல்லை. அடுத்த மாதம் நகரத்தில் மத்திய வீதிக் கடையொன்றில், முழுச் செம்புக் கம்பியா என்று கத்தியால் சுரண்டிப் பார்த்து, வெளிப்புறத்துக்கென்று செய்யப்பட்ட கறுப்பு உறைக் கேபிள் வாங்கினேன். புதிய சுவர்ப்பெட்டியை யன்னலுக்கு எதிர்ச் சுவரில், மூடியோடு பொருத்தினோம். அதன் பின்னர் 2024 நவம்பரில் தொடங்கிய வாடை முழுவதும் கடந்துவிட்டது. குறிப்புக் கொப்பியில் அறுதல் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியும் இல்லை. அதே ரவுட்டர், அதே துவாரம், முழுக் கிகாபிட் வேகம்.

ஆகவே ரவுட்டர் குற்றமற்றது. இதை நான் மனப்பூர்வமாக எழுதுகிறேன். இரண்டு வாடைக்காலம் அதைத் திட்டியது அநியாயம். ஆயினும் மூதூர் ஆசிரியைக்கு நான் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். "பழுதே இல்லை என்கிறீர்களே, பிறகு ஏன்?" என்று அவர் வியப்போடு கேட்டார். அறுந்த ஒவ்வொரு தடவையும் அதற்குத் தெரிந்திருந்தது, அது எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் காரணம். நியாயத்தராசில் வைத்தால் இந்தக் குறை சிறியதாகத் தோன்றலாம். இரண்டு வாடைக்காலம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவளுக்கு அது சிறியதல்ல. விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் என் பதில் மாறாது.

மூதூரில் அவருடைய வீடும் கடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகையால், ரவுட்டருக்கு ஒதுக்கிய காசில் முதலில் நல்ல செம்புக் கேபிள் வாங்கும்படியும், பிறகு எந்த ரவுட்டர் வாங்கினாலும் கடைக்காரரிடம் பெட்டியைத் திறக்கச் சொல்லி, முன்பக்கத்தில் ஒவ்வொரு துவாரத்துக்கும் தனித்தனி விளக்கு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும்படியும் அவரிடம் சொன்னேன்.