சர்ஃப் இசைக்கு ஃபெண்டர் '57/'62 பிக்கப்: அஃபினிட்டி ஸ்ட்ராட்டில் எது பொருந்தும், எது இடிக்கும்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஃபெண்டரின் மலிவு விலைப் பிராண்டான ஸ்குவையரின் அஃபினிட்டி ஸ்ட்ராட் எலக்ட்ரிக் கிட்டாரில் சர்ஃப் (1960களின் எதிரொலி நிறைந்த கிட்டார் இசை) வாசிக்க விரும்புகிறவர்களுக்கு ஃபெண்டரின் '57/'62 பிக்கப் செட் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் மூன்று காந்தச் சுருள்கள்) நல்ல தேர்வு. ஆனால் ஸ்க்ரூவைக் கழற்றி, மூன்று இடத்தில் ஈயம் வைத்து, மூடிவிடலாம் என்று உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். பழைய கவர் நுழையாது, பழைய ஸ்க்ரூ பிடிக்காது, ஸ்விட்ச்சின் கால்கள் இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தோடு ஒத்துப்போகாது. விலையும் கையைக் கடிக்கும்: செட் மட்டுமே புது அஃபினிட்டியின் விலையில் பாதியைத் தாண்டிவிடும்.

அதனால் ஒரு எச்சரிக்கை. உங்களிடம் இருப்பது ஸ்குவையரின் இன்னொரு வரிசையான க்ளாசிக் வைப் ஸ்ட்ராட் என்றால் இந்தச் செட் வேண்டாம். அதில் ஏற்கெனவே அல்னிகோ காந்தப் பிக்கப்தான் இருக்கிறது. அந்தக் காசில் நல்ல கம்பியும் உண்மையான ஸ்பிரிங் உள்ள ரிவர்பும் (எதிரொலிப் பெட்டி) வாங்குவதே புத்திசாலித்தனம். அஃபினிட்டியின் கதை வேறு. பிக்கப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் செங்கல் மாதிரி கறுப்புச் செராமிக் காந்தம் ஒட்டியிருந்தால், மேலே தெரியும் ஆறு துருவங்களும் வெறும் இரும்புத் துண்டுகள். இந்த அமைப்பில் ஒலி நடுவில் தடித்து, உச்சத்தில் கரகரக்கும். '57/'62 செட்டில் துருவங்களே அல்னிகோ 5 காந்தங்கள். சுற்றியிருப்பது ஃபார்ம்வார் பூச்சுக் கம்பி. மின்தடை சுமார் 5.6 கிலோ ஓம்.

அந்த 5.6 ஏன் முக்கியம்? சர்ஃப் ஒலியின் உயிர் ரிவர்பில் இருக்கிறது. ஃபெண்டர் 1961இல் கொண்டுவந்த தனி ரிவர்ப் பெட்டியில் ஸ்பிரிங்கை ஒலி உதைக்கும்போது ஒரு சொட்டுச் சத்தம் வரும். அரைக்குடம் தண்ணீருக்குள் துளி விழுவது போல இருக்கும். பிக் கம்பியைத் தட்டுகிற முதல் நொடித்துணுக்கு நசுங்காமல் ஸ்பிரிங் வரை போய்ச் சேர்ந்தால்தான் அந்தச் சொட்டு கேட்கும். சுற்று கூடினால் பிக்கப்பின் இண்டக்டன்ஸ் கூடும், உச்ச ஒலி மழுங்கும். சிக்னல் பலத்தால் முன்நிலை ஆம்பும் திணறித் தட்டலின் முனையை மொட்டையாக்கும். ஃபெண்டரின் டெக்சஸ் ஸ்பெஷல் போன்ற செட்டில் பிரிட்ஜ் (பாலம்) பக்கத்துப் பிக்கப் 7.1 கிலோ ஓம் இருக்கும். ப்ளூஸுக்கு அருமை, சர்ஃபுக்குப் போட்டால் ரிவர்ப் பெட்டியின் டுவெல் குமிழை (ஸ்பிரிங்குக்குப் போகும் பலத்தைக் கூட்டுவது) எவ்வளவு திருகினாலும் சொட்டு வராது, குழம்புதான் வரும். 'ஹாட்' என்று எழுதியிருக்கும் எதையும் இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

மீட்டரில் அளந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செப்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 5.6 காட்டும் சுருள், ஏர்கான் போடாத நம்ம சிங்கப்பூர் 30 டிகிரி அறையில் 5.8 காட்டும். 'போலிச் சரக்கு' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இனி இடிக்கிற இடங்கள். முதலாவது கவர். இந்தச் செட்டில் முதல் துருவத்துக்கும் ஆறாவது துருவத்துக்கும் இடைவெளி கிட்டத்தட்ட 52 மில்லிமீட்டர். ஆசியத் தயாரிப்புக் கிட்டார்களில் 50 மில்லிமீட்டர் கவரும் உண்டு, 52உம் உண்டு. கவரைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். 50 மில்லிமீட்டர் கவரை அழுத்திப் பொருத்தப் பார்ப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய விபத்து. பழைய பாணிப் பிக்கப்பில் பிளாஸ்டிக் பாபின் கிடையாது. தலைமுடி போல மெல்லிய கம்பி நேரே காந்தத்தின் மேல்தான் சுற்றப்பட்டிருக்கும். கவர் அழுத்தி ஒரு துருவம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் உள்சுற்று அறுந்துவிடும். மீட்டரில் 5.6 இருந்த இடத்தில் ஒன்றும் காட்டாது. அப்புறம் மறுபடி சுற்றுவதைத் தவிர வழியில்லை. 'ஜி துருவம் மட்டும் உயரமாக இருக்கிறதே, கொஞ்சம் தட்டி இறக்கலாமா' என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்.

இரண்டாவது ஸ்க்ரூ. அஃபினிட்டியில் இருப்பது எம்3 மெட்ரிக் ஸ்க்ரூ. ஃபெண்டரின் பழைய பாணிப் பிக்கப் கேட்பது 6-32 என்கிற அங்குல அளவு, சுமார் 3.5 மில்லிமீட்டர். எம்3 போட்டால் பிடிப்பே இல்லாமல் வழுக்கும். 6-32 ஸ்க்ரூ பிக்கார்டின் (கிட்டாரின் முகத்திலுள்ள பிளாஸ்டிக் தகடு) துளையில் நுழையாவிட்டால் துளையை 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் கையாலேயே சுழற்றி அகலப்படுத்துங்கள். இயந்திரம் வைத்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும். ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் குழாய் போடுவது பழைய முறை. இந்த ஊர்ப் புழுக்கத்தில் ரப்பர் சில வருடத்தில் பிசுபிசுத்துப் போகும். ஸ்பிரிங்கே மேல்.

மூன்றாவது ஸ்விட்ச். அஃபினிட்டியில் இருப்பது பெட்டி வடிவ ஸ்விட்ச், எட்டுக் கால்களும் ஒரே வரிசையில். ஃபெண்டர் வரைபடம் காட்டுவது இரு பக்கமும் நான்கு நான்கு கால்கள் உள்ள திறந்த ஸ்விட்ச். ஈயத்தை எடுப்பதற்கு முன் கைப்பேசியில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி எந்தக் காலில் இருந்ததோ அதே காலில் புதியதை வையுங்கள். வரைபடமே தேவையில்லை. 'எல்லாவற்றையும் அசலாக்கிவிடலாம்' என்று திறந்த ஸ்விட்ச்சும் பெரிய பாட்களும் (ஒலி, டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடைகள்) வாங்குகிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். அஃபினிட்டியின் உடல் வழக்கத்தைவிட மெல்லியது. ஸ்விட்ச் குழியின் அடியில் முட்டலாம். பெரிய பாட்டின் கழுத்து ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர், சின்ன பாட்டினுடையது 7. பிக்கார்டை அறுக்க வேண்டிவரும், குமிழும் மாற்ற வேண்டும். என் கருத்தில் வீண் செலவு. சின்ன பாட் 250 கிலோ ஓம் என்று முதுகில் அச்சிட்டிருந்தால் அப்படியே விடுங்கள். 500 என்றிருந்தால் மட்டும் 250க்கு மாற்றுங்கள். 500இல் பிரிட்ஜ் பிக்கப் காதைக் கிழிக்கும்.

ஈயம் வைப்பது பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 60/40 ஈயம், 0.8 மில்லிமீட்டர், நடுவில் ரோசின் உள்ளது. ஈயம் உருக்கும் சால்டரிங் இரும்பு 40 வாட்டுக்குக் குறையாமல், உளிமுனை, 350 டிகிரி சுற்றுவட்டாரம். செட்டின் கம்பிகள் துணி உறை போட்டவை. உறையை உரிக்க வேண்டாம், பின்னோக்கித் தள்ளினால் போதும், ஈயம் ஆறியதும் முன்னால் இழுத்துவிடலாம். பாட்டின் முதுகை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு ஈயம் வையுங்கள். மூன்று விநாடியில் ஈயம் ஓடிப் பரவவில்லை என்றால் இரும்பின் சூடு போதவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் பாட்டின் உள்தடம் வெந்துவிடும்.

இந்தச் செட்டின் உண்மையான குறை இரைச்சல். இதில் நடுப் பிக்கப் எதிர்ச்சுற்று வகை (இன்னொரு பிக்கப்போடு சேரும்போது முனகலை ரத்துசெய்வது) அல்ல. மூன்றும் ஒரே திசை, 1950களில் இருந்தபடியே. ஸ்ட்ராட்டுக்கு ஐந்து நிலை ஸ்விட்ச் 1977இல்தான் ஆலையிலிருந்தே வர ஆரம்பித்தது. அதற்கு முன் மூன்று நிலைதான், இரண்டு பிக்கப்பைச் சேர்த்து வாசிப்பது கணக்கிலேயே இல்லை. ஆகவே இரண்டு பிக்கப் சேரும் இரண்டாம், நான்காம் நிலைகளிலும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் குறையாது. வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் எல்இடி விளக்கின் டிரைவர், மின்விசிறி ரெகுலேட்டர், வைஃபை பெட்டி எல்லாம் நாற்காலிக்கு ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் நிலையில் இது சின்ன விஷயமில்லை. குழிக்குள் செப்புத் தாள் ஒட்டினால் எல்இடியின் ஜிர்ரென்ற ஒலி நன்றாக அடங்கும்; ஆனால் 50 ஹெர்ட்ஸ் முனகல் காந்தப்புலத்தால் வருவது, செப்பு அதைத் தடுக்காது. ஆம்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து, நாற்காலியைக் கால்வட்டம் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் பாதி முனகல் காணாமல் போகும். செப்புத் தாளின் பசை மின்சாரம் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். ஸ்விட்ச்சின் கால் தாளில் தொட்டால் கிட்டார் மொத்தமாக ஊமையாகிவிடும், அந்த இடத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

செலவைக் குறைக்கப் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் மாற்றுகிறவர்களும் உண்டு. அப்போது பழைய நடுப் பிக்கப்போடு சேர்த்து வாசிக்கையில் ஒலி வற்றி, டிரான்சிஸ்டர் ரேடியோ போலக் கேட்டால் ஃபேஸ் மாறியிருக்கிறது என்று அர்த்தம். புதிய பிக்கப்பின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி வைத்தால் சரியாகிவிடும்.

கம்பி மாட்டுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். பிக்கார்டைத் தலைகீழாக வைத்து ஆம்பில் சொருகி, ஒலியைக் குறைத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் துருவத்தை மெல்லத் தொடுங்கள். ஸ்விட்ச்சின் ஒவ்வொரு நிலையிலும் எந்தப் பிக்கப் 'டொக்' என்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பாலத்துக்குப் போகும் தரைக் கம்பியை மறந்திருந்தால், பின்னால் வாசிக்கும் கம்பிகளை மாட்டித் தொட்டாலும் இரைச்சல் குறையாது. ட்ரெமோலோ (பாலத்தை ஆட்டும் அமைப்பு) ஸ்பிரிங் மாட்டும் உலோகக் கவ்வியில் போய்ப் பாருங்கள்.

பணம் கொடுத்த பலன் தெரிவது உயரம் வைப்பதில்தான். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, துருவத்தின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பழைய பாணிப் பிக்கப்புக்கு ஃபெண்டர் சொல்வது தடித்த கம்பிப் பக்கம் 2.4, மெல்லிய கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர். அதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அல்னிகோ 5 காந்தம் கம்பியை இழுக்கும். நெக் பிக்கப் அருகில் இருந்தால் தடித்த ஈ கம்பியில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரே ஸ்வரத்துக்குள் இரண்டு ஸ்வரம் அலைவது போலக் கேட்கும். ட்யூனிங் எவ்வளவு பார்த்தாலும் சேராது. பலர் பாலத்தைக் குறை சொல்வது இந்த இடத்தில்தான். நெக்கையும் நடுவையும் கால்சுற்று, கால்சுற்றாக இறக்கிக்கொண்டே வாருங்கள். அலைச்சல் நிற்கும் இடத்தில் விடுங்கள். வேகமாக மேலும் கீழும் தட்டி வாசிக்கையில் பிக் முனை நடுப் பிக்கப்பின் கவரில் மோதும், அதற்காகவும் நடு தாழ்ந்தே இருக்கட்டும்.

கம்பியைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் செட்டை மதிப்பிட முடியாது. துருவங்கள் ஏற்ற இறக்கமாக இருப்பதற்குக் காரணம், அந்தக் காலத்தில் மூன்றாவது ஜி கம்பியும் சுற்றுக் கம்பி. அதன் ஒலி மெலிவு, எனவே துருவம் உயரம். இன்றைய 9, 10 செட்டில் (மிக மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) வெறும் ஜி கம்பி போட்டால் அது மட்டும் கத்தும். சர்ஃபுக்கு 12 செட், சுற்றிய ஜியோடு போட்டால் ஆறு கம்பியும் சமமாக ஒலிக்கும். 'சர்ஃப் கிட்டாரின் ராஜா' எனப்படும் டிக் டேல் மிக மெல்லிய கம்பிக்கே 16 போட்டவர், தடித்த கம்பிக்கு 60 வரை. லெபனான் வழி வந்த மாமாவிடம் கற்ற தர்புக்கா (அரபு மேளம்) தாளத்தைக் கிட்டாரில் தட்டினார் என்பார்கள். அந்த அடிக்கு மெல்லிய கம்பி தாங்காது. 12 போட்டால் நட்டின் (கழுத்தின் முனையில் கம்பி உட்காரும் துண்டு) பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். ட்ரெமோலோவுக்கு நான்காவது, ஐந்தாவது ஸ்பிரிங் தேவைப்படும்.

இன்னொரு சின்ன மாற்றம், காசில்லாதது. வழக்கமான ஸ்ட்ராட் இணைப்பில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே கிடையாது. ஸ்விட்ச்சின் டோன் பக்கத்தில் நடுவின் காலிலிருந்து பிரிட்ஜின் காலுக்கு ஒரு குட்டிக் கம்பி இழுத்துவிடுங்கள். டோனைப் பத்திலிருந்து ஏழுக்கு இறக்கினால் தகரச் சத்தம் போய், ஈரமான, கண்ணாடி போன்ற ஒலி வரும். சர்ஃபுக்கு அதுதான் வேண்டும்.

வாங்குவதற்கு: ஈயம், இன்சுலேஷன் டேப், பாட், கபாசிட்டர் எல்லாம் ஜாலான் புசாரில் சிம் லிம் டவரில் கிடைக்கும். எதிர்ப்பக்கத்துச் சிம் லிம் ஸ்குவேருக்குள் போய்த் தேடாதீர்கள், அது கணினிக் கடைகள். பிக்கப் செட்டுக்குப் பெனின்சுலா பக்கத்துக் கிட்டார் கடைகளில் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 சதவீதப் பொருள் சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற விற்பனையாளர் என்றால் 400 சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கும் 2023இலிருந்து வரி உண்டு.

மாட்டிய பிறகு ஒரு தொல்லை இருக்கிறது. அல்னிகோவில் இரும்பு உண்டு, துருவத்தின் தலை திறந்தே இருக்கும். வியர்வைக் கையோடு வாசித்துவிட்டு இந்த ஈரக் காற்றில் அப்படியே சுவரில் மாட்டினால் ஆறு மாதத்தில் துருவத்தின் தலையில் செம்புள்ளி வரும். உலர்ந்த துணியால் துடைப்பது போதும். எண்ணெய், துருநீக்கித் திரவம் எதுவும் சுருளின் பக்கம் போகக்கூடாது. பழைய செராமிக் பிக்கப்களைக் கம்பியோடு சேர்த்து ஒரு பையில் போட்டு எடுத்து வையுங்கள். கிட்டாரை விற்கும் நாளில் அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு, இந்தச் செட்டைத் தனியாக விற்றால் போட்ட காசில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.