மேட்டூர் நீர்மட்டம் சொல்ல பிட்டா, க்யூபிட்டா?

ஜூன் 12 நெருங்கினால் டெல்டாவில் எல்லோர் கண்ணும் மேட்டூர் நீர்மட்டத்தில்தான். குறுவைக்கு நாற்று விடுவதா வேண்டாமா என்பதே அந்த எண்ணைப் பொறுத்தது. அதையே வைத்து சாதாரணக் கணினியின் பிட், குவாண்டம் கணினியின் க்யூபிட் என்ற இரண்டு வகைத் தகவலையும் உரசிப் பார்த்துவிடலாம்.

மேட்டூரில் அதிகபட்சம் 120 அடி. பிட் என்பது 0 அல்லது 1. முழு அடிக்கணக்கில் சொல்ல 7 பிட் போதும். 128 எண்கள் அதில் அடங்கும். அணை நிரம்பினால் 1111000, இரும எண்ணில் 120. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று எத்தனை வாட்ஸ்அப் குழுவுக்குத் தட்டிவிட்டாலும் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. எத்தனை முறை படித்தாலும் அதே எண். தகவல் என்றாலே இப்படித்தான் என்று பழகிவிட்டோம்.

க்யூபிட் இங்கேதான் முரண்டு பிடிக்கும். ஏழு க்யூபிட்டின் நிலையை எழுத 128 கலப்பெண்கள் வேண்டும். அப்படியானால் 128 நீர்மட்டங்களை ஒன்றாகச் சேமித்து வைக்கலாமே என்று தோன்றும். அந்த ஆசை பலிக்காது. அளந்தால் கைக்கு வருவது ஏழே பிட். மிச்சம் போனது போனதுதான். ஏழு பிட்டுக்கு மேல் தேறாது என்பது 1973-ல் கணிதவியலர் ஹொலேவோ நிறுவிய எல்லை. பிரதியும் எடுக்க முடியாது. தெரியாத குவாண்டம் நிலையை நகலெடுக்க வழியே இல்லை என்று 1982-ல் இயற்பியலர்கள் வூட்டர்ஸும் ஜுரெக்கும், தனியாக டீக்ஸும் காட்டிவிட்டார்கள். சேமிக்க, பரப்ப என்றால் என் ஓட்டு பிட்டுக்கே.

க்யூபிட் என்றால் "ஒரே நேரத்தில் 0-வும் 1-ம்" என்று பத்திரிகைகள் எழுதி முடித்துவிடுகின்றன. விஷயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நாணயத்தை ஒருமுறை சுண்டினால் பாதிக்குப் பாதி. மறுபடி சுண்டினாலும் பாதிக்குப் பாதி. 0-வில் இருக்கும் க்யூபிட்டை ஹாடமார்ட் என்ற செயலுக்கு உட்படுத்தி அளந்தால் அதுவும் பாதிக்குப் பாதிதான். அளக்காமல் அதே செயலை மறுபடி செய்தால்? உறுதியாக 0. ஏனென்றால் 1-க்குப் போகும் வழிகள் இரண்டு. ஒன்றின் வீச்சு (அளவை வர்க்கப்படுத்தினால் நிகழ்தகவு தரும் எண்) +½, மற்றதன் வீச்சு −½, கூட்டினால் பூஜ்யம். நிகழ்தகவுக்குக் கழித்தல் குறி கிடையாது, வீச்சுக்கு உண்டு.

குவாண்டம் கணினியின் சாமர்த்தியமும் அந்தக் குறிதான்: தப்பான விடைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, சரியானது மிஞ்ச வேண்டும். எல்லாக் கணக்கும் இதற்கு வளைந்துகொடுக்காது. வரிசைப்படுத்தாத 10 லட்சம் பதிவுகளில் ஒன்றைத் தேட சாதாரணக் கணினி சராசரியாக 5 லட்சம் பார்க்க வேண்டும். 1996-ல் க்ரோவர் தந்த முறைக்கு ஏறத்தாழ 785 சுற்று. ஷோரின் 1994 காரணிப்படுத்தும் முறை இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டையே உடைக்கும். ஆனால் அந்த அளவுக்குப் பிழையின்றி ஓடும் எந்திரம் இன்னும் வரவில்லை. மின்தடையே இல்லாத மீக்கடத்தியில் செய்த க்யூபிட்டுகளுக்கு, குளிரின் அடிமட்டமான தனிச்சுழிக்கு மேல் ஒரு கெல்வினில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் ஒத்துக்கொள்ளும். நம்ம ஊர் கத்திரி வெயிலில் ஃப்ரிட்ஜே மூச்சு வாங்குகிறது!

க்யூபிட்டுகளின் நிலைகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் குவாண்டம் பின்னலைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அதை வைத்து ஒளியை முந்திச் செய்தி அனுப்பலாம் என்பது மட்டும் புரளி.

க்யூபிட் தெளிவாக ஜெயிப்பது, செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசியச் சாவியைப் பரிமாறும் இடத்தில். 1984-ல் பென்னெட்டும் பிராசாரும் வகுத்த முறையில் நடுவில் ஒருவர் ஒட்டுக்கேட்டால் பிழைகள் கூடும். இரு முனையிலும் சில பிட்டுகளை ஒப்பிட்டாலே குட்டு வெளிப்படும். ஆனால் அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில், குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் மூன்று மறையாக்கத் தரநிலைகளை வெளியிட்டது. மூன்றும் ஓடுவது சாதாரண பிட்டில்தான், செல்போனே போதும்.