ஆப்பிள் டிவி 4கே: இதைவிட மலிவாக ஒன்று தேவையா?

தொலைக்காட்சியுடன் இணைக்கும் ஸ்ட்ரீமிங் பெட்டிகளில் எது சிறந்தது என்று யாராவது கேட்டால் ஆப்பிள் டிவி 4கே என்று உடனே சொல்லிவிடுவேன்; எதை வாங்கலாம் என்று கேட்டால்தான் தயக்கம் வருகிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த இதன் மூன்றாம் தலைமுறைப் பெட்டி, 64 ஜிபி சேமிப்பிடத்துடன் 129 டாலருக்கும், 128 ஜிபி சேமிப்பிடமும் ஈதர்நெட் என்னும் கம்பிவழி இணைய இணைப்பும் கொண்ட வடிவில் 149 டாலருக்கும் அறிமுகமானது. அமேசான், ரோக்கு ஆகிய நிறுவனங்களின் 4கே ஸ்டிக்குகளோ (தொலைக்காட்சியின் பின்புறம் நேரடியாகச் செருகும் சிறு கருவிகள்) 50 டாலரை ஒட்டிய விலையில் வந்தவை. தள்ளுபடிக் காலங்களில் அதுவும் கணிசமாகக் குறையும். வால்மார்ட் தன் சொந்த பிராண்டில் 20 டாலருக்கே 4கே பெட்டியை விற்றிருக்கிறது. நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும் இவை எல்லாவற்றிலும் ஓடுகின்றன. அப்படியிருக்க, கூடுதலாகக் கொடுக்கும் 80 அல்லது 100 டாலருக்கு ஆப்பிள் என்ன தருகிறது, அதில் எதையெல்லாம் விட்டுவிட்டு விலையைக் குறைக்கலாம் என்பதே இந்தப் பெட்டியைப் பயன்படுத்தும்போதெல்லாம் எனக்குள் எழும் கேள்வி.

முதலில் படத்தின் தரம். திரைப்படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகின்றன. தொலைக்காட்சிக்கு நொடிக்கு 60 சட்டகங்கள் அனுப்பப்படும்போது ஒரு சட்டகம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாகக் காட்டப்பட வேண்டியிருக்கிறது. கேமரா ஒரு தெருவையோ மலைத்தொடரையோ மெதுவாகக் கடந்து செல்லும் காட்சிகளில், இந்தச் சமமற்ற இடைவெளி சின்னச் சின்ன வெட்டல்களாகக் கண்ணில் படும். ஆப்பிள் டிவியின் அமைப்புகளில் சட்டக வேகத்தையும் ஒளி வீச்சையும் உள்ளடக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் இரண்டு தெரிவுகள் உள்ளன. இரண்டையும் இயக்கிவிட்டால், படம் தொடங்கும் முன் திரை ஒரு நொடி கறுத்து மீள்கிறது. அதன் பிறகு 24 சட்டகப் படம் 24 சட்டகங்களாகவே ஓடுகிறது, எச்டிஆர் என்ற விரிந்த ஒளி வீச்சு இல்லாத பழைய படத்துக்குச் செயற்கையான பளபளப்பும் ஏறுவதில்லை. மலிவான சாதனங்களிலும் இந்த வசதி இருப்பதுண்டு, ஆனால் அதற்கு ஒத்துழைக்கும் செயலிகள் அங்கே குறைவு. ஆப்பிளிலும் தமக்கென்று தனி பிளேயரை எழுதிக்கொண்ட சில செயலிகள் இதைக் கண்டுகொள்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்து வேகம். ஐஃபோன் 13இல் இருந்த அதே ஏ15 சிப் வகையும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட இந்தப் பெட்டி, ஒரு தொடரை வழிமறித்து முகப்புக்குச் சென்று வேறொரு செயலியைத் திறந்து மீண்டும் வந்தாலும், விட்ட இடத்தை அப்படியே வைத்திருக்கிறது. 1 ஜிபி நினைவகம் கொண்ட ஸ்டிக்குகளில் அதே காரியத்தைச் செய்தால், செயலி முதலிலிருந்து தொடங்கி, யார் பார்க்கிறீர்கள் என்று மறுபடியும் கேட்கும். வாங்கிய புதிதில் இது பெரிதாகத் தெரியாது. செயலிகள் ஆண்டுதோறும் கனக்கக் கனக்கத்தான் தெரியும்.

மூன்றாவது ரிமோட், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லலாம். 2015இல் வந்த கண்ணாடி மேற்பரப்பு ரிமோட் இருட்டில் கையில் எடுத்தால் தலை எது, கால் எது என்று தெரியாத ஒரு வடிவமைப்புப் பிழை. 2021இல் வந்த அலுமினிய ரிமோட் அந்தக் குறையை முழுவதுமாகத் தீர்த்தது. நடுவில் உள்ள வட்டத்தின் விளிம்பில் விரலைச் சுழற்றினால் படம் முன்னும் பின்னும் நகர்கிறது. பத்து நிமிடம் பின்னே போவதும் பத்து நொடி பின்னே போவதும் ஒரே விரலசைவின் வேகத்தில் அடங்கிவிடுகின்றன. வேறெந்த நிறுவனத்தின் ரிமோட்டிலும் இவ்வளவு துல்லியத்தை நான் கண்டதில்லை. இதைத் தனியாக வாங்கினால் 59 டாலர். அதாவது, ஆப்பிளின் ரிமோட் மட்டுமே போட்டியாளரின் முழுச் சாதனத்தைவிட விலை அதிகம். இந்த ஒரு கணக்கிலேயே ஆப்பிளின் சிக்கல் முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது.

குறைகளும் உண்டு. 129 டாலர் வாங்கிக்கொண்டு எச்டிஎம்ஐ கேபிள்கூடப் பெட்டியில் வைக்காதது வெறும் கஞ்சத்தனம். யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட ஏவி1 காணொளி வடிவத்துக்கான வன்பொருள் ஆதரவு ஏ15இல் கிடையாது. ஆப்பிளின் சொந்தச் செயலி முகப்பின் முதல் வரிசையில் இருக்கும்வரை, அதன் தொடர்களுக்கான விளம்பரம் திரையின் மேல்பாதியில் வந்துகொண்டே இருக்கும். அந்தச் செயலியைக் கீழ் வரிசைக்கு நகர்த்தினால் அதிலிருந்து தப்பிக்கலாம்.

நகர்த்தித் தப்பிக்க முடிகிறது என்பதே இங்கு முக்கியம். ரோக்குவின் வருமானத்தில் பெரும்பகுதி சாதன விற்பனையிலிருந்து வருவதில்லை. விளம்பரங்களிலிருந்தும் சந்தாக்களில் கிடைக்கும் பங்கிலிருந்தும் வருகிறது. சாதனத்தை நட்டத்துக்கே விற்றாலும் அந்நிறுவனத்துக்குக் கணக்கு நேராகிவிடும். விசியோ நிறுவனம் தன் 1.1 கோடி தொலைக்காட்சிகளில் மக்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை நொடிக்கு நொடி அனுமதியின்றிச் சேகரித்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடர்ந்து, 2017இல் அந்நிறுவனம் 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அதே விசியோவை 2024இல் வால்மார்ட் 230 கோடி டாலருக்கு வாங்கியபோது, விளம்பர வணிகத்தை வளர்ப்பதே அதன் வெளிப்படையான நோக்கமாக இருந்தது. 20 டாலர் பெட்டியின் மீதி விலையை யார், எப்படிச் செலுத்துகிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆப்பிளின் பெட்டியில் அந்த மீதியை வாங்குபவரே முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறார்.

மலிவு விலை ஆப்பிளுக்குப் புதிதன்று. 2007இல் 299 டாலருக்கு வந்த முதல் பெட்டியை ஸ்டீவ் ஜாப்ஸே ஒரு பொழுதுபோக்கு என்றுதான் அழைத்தார். 2010இல் உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டியாக அது 99 டாலருக்கு இறங்கியது. 2015 மார்ச்சில், மூன்று ஆண்டுகள் பழைமையான மாடலின் விலை 69 டாலராகக் குறைக்கப்பட்டது. அந்த முயற்சி எனக்கு உவப்பானதாக இல்லை. ஏனென்றால் அது மலிவாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த சாதனமல்ல, அலமாரியில் மிஞ்சியிருந்த பழைய சரக்கு. ஆறு மாதங்களில் ஆப் ஸ்டோருடன் கூடிய புதிய பெட்டி 149 டாலருக்கு வந்துவிட்டது. 69 டாலர் கொடுத்தவர்களோ புதிய செயலிகள் எதையும் நிறுவ முடியாமல் நின்றார்கள். 2021இல் யூடியூப் அந்தப் பெட்டியைக் கைவிட்டது. அதற்கு மாறாக, 2015இல் வந்த அந்த 149 டாலர் பெட்டி 2024இல் வெளியான ஆப்பிள் டிவி இயங்குதளமான டிவிஓஎஸ் 18ஐயும் ஏற்றுக்கொண்டது. ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், எது உண்மையில் மலிவு என்பது தெரிந்துவிடும்.

ஆகவே மலிவான ஆப்பிள் டிவி வர வேண்டுமா என்றால், வர வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் அதற்காகப் பொதுவாகச் சொல்லப்படும் காரணத்தை நான் ஏற்கவில்லை. ஆப்பிளின் சந்தாச் சேவைக்கு ஆள் சேர்க்க மலிவுப் பெட்டி வேண்டும் என்பார்கள். அந்தச் சேவையின் செயலி 2019 முதலே சாம்சங் தொலைக்காட்சிகளிலும் ரோக்குவிலும் ஃபயர் டிவியிலும் இருக்கிறது. 2025இல் ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கும் வந்துவிட்டது. தொடர்களைப் பார்க்க யாரும் ஆப்பிளின் பெட்டியை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. உண்மையான காரணம் வீட்டின் இரண்டாவது தொலைக்காட்சி. கூடத்தில் உள்ள பெரிய திரைக்கு 129 டாலர் கொடுப்பவர்கூட, படுக்கையறையில் வாரம் சில மணி நேரம் ஓடும் சிறிய திரைக்கு அதே தொகையைக் கொடுக்க யோசிப்பார். அங்கே ஒரு ஸ்டிக் நுழைகிறது. அதோடு வேறொரு கணக்கும், வேறொரு ரிமோட்டும், விளம்பரம் நிறைந்த வேறொரு முகப்பும் நுழைகின்றன. ஃபோனில் இருப்பதைத் திரைக்கு அனுப்பும் ஏர்ப்ளே, புகைப்படங்கள், வீட்டுச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் மையம் என்று ஆப்பிள் கட்டியெழுப்பியவை எல்லாம் ஓர் அறையோடு நின்றுவிடுகின்றன.

ஹோம்பாட் விஷயத்தில் இந்தப் பாடத்தை ஆப்பிள் ஏற்கெனவே கற்றிருக்கிறது. 2018இல் 349 டாலருக்கு வந்த பெரிய ஒலிபெருக்கி 2021இல் நிறுத்தப்பட்டு, 2023இல்தான் 299 டாலருக்குத் திரும்பி வந்தது. 2020இல் 99 டாலருக்கு வந்த சிறிய ஹோம்பாட் மினியோ இடைவெளியின்றித் தொடர்ந்து விற்பனையில் இருந்தது.

எதைக் குறைக்கலாம்? ஸ்ட்ரீமிங் மட்டும் செய்கிறவருக்கு 32 ஜிபி தாராளம். ஈதர்நெட்டும், 149 டாலர் மாடலில் உள்ள, வீட்டுச் சாதனங்களைக் கம்பியின்றி இணைக்கும் த்ரெட் வசதியும் தேவையில்லை. ஏ15இன் வரைகலைத் திறன் விளையாட்டுகளுக்கே உதவுகிறது, படம் பார்ப்பதற்கு அதில் பாதி போதும். நினைவகத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. 4கேயையும் டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகையையும் பறித்து எச்டி பெட்டியாக்குவதும் கூடாது. ரிமோட்டில் அலுமினியத்துக்குப் பதில் பிளாஸ்டிக் போதும், ஆனால் ரிமோட்டே இல்லாமல், ஐஃபோனிலேயே ரிமோட் இருக்கிறதே என்று சொல்லிக் கைகழுவுவது விருந்தாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் இழைக்கும் அநீதி. ஸ்டிக் வடிவத்தையும் நான் விரும்பவில்லை. தொலைக்காட்சியின் சாதாரண யுஎஸ்பி துளை 2.5 வாட் மின்சாரத்தையே உறுதியாகத் தருகிறது; ஸ்டிக்கை இயக்க அது போதாமல் போகலாம். சூடான தொலைக்காட்சித் திரைக்குப் பின்னால், காற்றோட்டம் இல்லாத இடுக்கில், வைஃபை அலைகளை மறைக்கும் உலோகத்தை ஒட்டித் தொங்குவதைவிட, மேசைமேல் அமரும் சிறு பெட்டியே நெடுநாள் உழைக்கும்.

விலை 79 டாலராக இருக்கலாம். 99 என்றால் பயனில்லை: குரோம்காஸ்ட் என்ற ஸ்ட்ரீமிங் கருவிகளை 30, 50 டாலருக்கு விற்றுவந்த கூகுள், 2024இல் அவற்றை நிறுத்திவிட்டு ஈதர்நெட்டுடன் 32 ஜிபி பெட்டியைக் கிட்டத்தட்ட 100 டாலருக்குக் கொண்டுவந்தது. அதே விலையில் அதைவிடக் குறைந்த வசதிகளோடு நிற்பது ஆப்பிளுக்கு அழகல்ல. ஆனால் அந்த 79ஐ எட்டுவதற்காக முகப்புத் திரையில் ஒரே ஒரு விளம்பரப் பலகையை வைத்தாலும், நான் பழைய விலையிலேயே பழைய பெட்டியை வாங்கிக்கொள்வேன்.

இப்போதைக்கு, முதன்மைத் தொலைக்காட்சிக்கு 64 ஜிபி மாடலைத் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். கம்பி இணைப்போ த்ரெட் சாதனங்களோ இல்லாதவர்களுக்கு 149 டாலர் மாடல் வீண். இரண்டாவது அறைக்கு, 2017இல் வந்த முதல் 4கே பெட்டியைப் பயன்படுத்திய பொருளாகக் குறைந்த விலையில் தேடலாம். டிவிஓஎஸ் 18 அதிலும் ஓடுகிறது, டால்பி விஷனும் உண்டு. அதோடு வருவது அந்தக் கண்ணாடி ரிமோட்தான் என்பதால், புதியதற்கு 59 டாலரைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.