நுவரெலியா விதைக்கடையின் உருண்டைப் பட்டாணி: தை மாதக் குளிருக்கு வாங்கலாமா?

நுவரெலியா டவுனில் உரமும் விதையும் விற்கிற கடைகளுக்குக் குறைவில்லை. நான் போவது சாக்கைத் திறந்து வைத்து, விதையைக் குவளையால் அள்ளி நிறுத்துத் தருகிற ஒரு சின்னக் கடைக்கு. ஜனவரியில் அங்கே பச்சைப் பட்டாணி விதை கேட்டேன். என் கண் போனது படம் போட்ட பக்கட் மேல்.

"எந்தப் பக்கம் அக்கா, எப்பப் போடப் போறீங்க?" என்றார் முதலாளி. கந்தப்பளை, இந்தக் கிழமையே என்றேன். "அப்ப சாக்குல இருக்கிறத கொண்டு போங்க. பக்கட்ட பனி போனதும் பார்ப்போம்." நிறைக்குப் பார்த்தால் பக்கட் விதை மூன்று மடங்கு விலை. அதை விற்கப் பார்க்காமல் மலிவானதைக் காட்டினாரே, அதற்காகவே இதை எழுதலாம் என்று தோன்றியது.

சாக்கில் இருந்தது வழவழப்பான உருண்டை விதை, பக்கட்டில் இருந்தது சுருங்கிய விதை. வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இரண்டையும் வாங்கி, நாங்கள் இருக்கிற தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் அடுத்தடுத்த பாத்தியில் போட்டேன். உருண்டை விதை வரிசை பிசகாமல் வந்தது. பக்கட் விதை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தலை காட்டியது. வராத இடத்தைக் கிளறினால் விதை கூழாகிக் கிடந்தது.

பக்கட் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வகையின் குணம் அப்படி. சுருங்கிய விதையில் சீனி அதிகம், மாப்பொருள் குறைவு. காய் இனிப்பது அதனால்தான். குளிர்ந்த ஈர மண்ணில் அது தண்ணீரைக் கூடுதலாக உறிஞ்சி வெடிக்கும், கசிகிற சீனிக்குப் பூஞ்சணம் வந்து சேரும். மண் 20 பாகை செல்சியஸில் இருந்தால் பட்டாணி ஒரு கிழமை அளவில் முளைத்துவிடும். 10 பாகையில் இரண்டு கிழமையாவது ஆகும். அவ்வளவு நாளும் அழுகாமல் மண்ணுக்குள் கிடக்க உருண்டை விதையால்தான் முடியும். வெளிநாடுகளில் குளிரிலேயே விதைக்கிற பழைய அலாஸ்கா இனமும் உருண்டை வகைதான்.

முதலாளி இன்னொன்றும் சொன்னார்: ஊறப் போடாதீர்கள், மேட்டுப் பாத்தியில் ஒரு அங்குல ஆழம் போதும். அப்படியே செய்தேன். உருளைக்கிழங்கு இலையைக் கருக்குகிற உறைபனி இளம் பட்டாணிச் செடியை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. பூவும் பிஞ்சும்தான் தாங்காது. ஜனவரியில் போட்டால் பூ வருவதற்குள் கடும் பனி அநேகமாக ஓய்ந்துவிடும். கொடி ஏற போஞ்சிக்கு நடுகிற மாதிரி தடித்த கம்பு சரிவராது, பட்டாணியின் பற்றுக்கம்பியால் அதைச் சுற்றிப் பிடிக்க முடியாது. தேயிலைக் கவாத்தில் வெட்டிப் போட்ட மெல்லிய மிலாறு குத்திவிட்டேன், அழகாக ஏறியது.

ருசி? பக்கட் காய்தான் இனிப்பு, அதில் வாதமே இல்லை. பச்சையாகவே தின்னலாம். உருண்டைக் காயை இளசாகப் பறிக்காவிட்டால் மாவாகிவிடும். கறிக்கும் சோற்றுக்கும் அது போதும், சந்தையிலும் யாரும் குறை சொல்லவில்லை.

கடையில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. சாக்கு விதைக்கு எந்த வருஷத்து விளைச்சல், எத்தனை வீதம் முளைக்கும் என்ற விபரம் எதுவும் கிடையாது. என் பொட்டலத்தில் வண்டு துளைத்த விதையும் கொஞ்சம் கலந்திருந்தது. காட்டினேன், முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். ஆனாலும் நிறுக்கும் முன் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். பலசரக்குக் கடையில் பருப்புக்கு விற்கிற பட்டாணியை விதைக்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். உடைத்த பட்டாணி முளைக்கவே முளைக்காது, முழுசானதும் எத்தனை வருஷம் கிடந்ததோ.

மார்கழி முடிவதற்குள் போனால் நல்லது. பொங்கல் நெருங்கினால் சாக்கின் அடி விதைதான் மிஞ்சும், தூசியும் ஓட்டை விதையும் அதில்தான் அதிகம். சில்லறையும் கையோடு கொண்டு போங்கள்.