குதிகால் வலியோடு ஓடுவதற்கு எந்த இடம்: மைதானமா, கால்வாய்க் கரையா, தார்ச்சாலையா?

குதிகாலில் வலி வந்த பிறகும் ஓட்டத்தை விட மனம் வராதவர்கள் திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, பெருமாள்புரம், கே.டி.சி. நகர்ப் பக்கம் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது எந்த ஷூ வாங்கலாம் என்பதைத்தான். அதற்கும் முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டியது எந்த இடத்தில் ஓடுவது என்பதே என்று நான் நினைக்கிறேன். விடிவதற்கு முன் எழுந்து கிளம்பும் நம் ஊர் ஓட்டக்காரருக்கு மூன்று இடங்கள் உண்டு: வீட்டு வாசலிலிருந்தே தொடங்கிவிடும் தார்ச்சாலை, வயல்களை ஒட்டிப் போகும் கால்வாய்க் கரை, மைதானத்து ஓடுதடம். மூன்றிலும் ஓடியிருக்கிறேன். இடது குதிகாலில் வலி வந்ததிலிருந்து மைதானத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதால், இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் பேசுவது எந்த வலியைப் பற்றி என்பதையும் தெளிவாக்கிவிட வேண்டும். குதியெலும்பிலிருந்து கால்விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. அது எலும்போடு சேரும் இடத்தில், குதியின் உட்புற அடியில், நொந்துபோவதால் வருகிற வலி இது. மருத்துவர்கள் ப்ளான்டார் ஃபேஷியைட்டிஸ் என்பார்கள், வீட்டுப் பெரியவர்கள் குதிவாதம் என்பார்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் சுருக்கென்று குத்தும். நாலு எட்டு நடந்தால் தணியும். இப்படி இல்லாமல், குதியை இரு பக்கமும் விரல்களால் சேர்த்து அழுத்தும்போது வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலி விடாவிட்டாலோ, உள்ளங்கால் மரத்துப்போனாலோ, அது எலும்பு விரிசலாகவோ நரம்புக் கோளாறாகவோ இருக்கக்கூடும். அப்படி வலி உள்ளவர்கள் எந்த இடத்திலும் ஓடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுவதுதான் முறை. இக்கட்டுரை அவர்களுக்கானது அன்று.

இந்த வலியின் குணம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இடங்களை எடைபோட முடியும். ஓடத் தொடங்கும்போது லேசாக வலிக்கும், கால் சூடேறியதும் மறைந்துபோகும், ஓட்டம் முடிந்து உட்கார்ந்து எழும்போதோ மறுநாள் காலையிலோ வட்டியோடு திரும்பி வரும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது கால் நன்றாக இருப்பது போதுமான சாட்சி ஆகாது. எவ்வளவு ஓடினோம், அதற்கு மறுநாள் முதல் அடி என்ன பதில் சொன்னது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் அடுத்த ஓட்டத்தின் அளவைத் தீர்மானிக்க முடியும்.

தார்ச்சாலையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கடினமான தரை, லாரிகள், தெருநாய்கள் என எல்லாரும் அறிந்த குறைகள் அதற்கு உண்டு. அதிகம் கவனிக்கப்படாத குறை, சாலையின் சரிவு. மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்புறமாக ஓடுவதுதான் பாதுகாப்பு என்பதால், போகும்போதும் வரும்போதும் வலது கால் தாழ்விலும் இடது கால் மேட்டிலுமே விழுந்துகொண்டிருக்கும். மேட்டில் விழும் பாதம் உட்பக்கமாகச் சாய, உள்ளங்கால் வளைவு இழுபடும். என் வலி இடது காலில் என்பதால் இது எனக்கு நன்றாகவே தெரிந்தது. வலது காலில் வலி உள்ளவருக்கு இதே அளவுக்குத் தெரியுமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் போட்டிகள் நடப்பது சாலையில்தான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் பேரறிஞர் அண்ணா நெடுந்தூர ஓட்டத்தில் 25 வயதைக் கடந்த ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 5 கிலோமீட்டர். அதில் கலந்துகொள்ள நினைப்பவர் தார்ச்சாலையை அடியோடு ஒதுக்கிவிட முடியாது.

மனத்துக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால், தயங்காமல் கால்வாய்க் கரை என்பேன். பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் பாளையங்கால்வாயின் கரையில், ஊர் நெரிசலைத் தாண்டிய பகுதிகளில் ஓடியவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களுக்கும் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் ஒரு பக்கம் ஓடும் நீர், மறுபக்கம் நாற்று நட்ட வயல், வரப்பில் கொக்குகள். மூச்சு தானாகவே சீராகும். மண் தரை மெத்தென்று இருப்பதால் குதிகாலுக்கு நல்லது என்றுதான் பலரும் இந்தக் கரையைப் பரிந்துரைக்கிறார்கள்.

இந்த மெத்தென்ற தரை வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. ஓடுகிறவரின் கால், தரைக்கு ஏற்பத் தன் விறைப்பைத் தானே மாற்றிக்கொள்கிறது. தரை இளக்கமாக இருந்தால் கால் விறைக்கும். தரை கெட்டியாக இருந்தால் முழங்காலும் கணுக்காலும் சற்று அதிகமாக வளைந்து கொடுக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற தரை வித்தியாசம் அப்படியே குதியெலும்பில் இறங்குவதில்லை. நொந்த பாதத்துக்கு இளக்கத்தைவிடச் சமதளம்தான் முக்கியம் என்பது என் கணிப்பு. கரையிலோ டிராக்டர் போன தடம் இறுகிக் கிடக்கும்; ஒரு கால் பள்ளத்திலும் ஒரு கால் திட்டிலும் விழும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களிமண் ஷூவின் அடியில் அப்பிக்கொள்ள, ஒவ்வோர் அடிக்கும் கால் வழுக்கப் பார்க்கும். சீமைக்கருவேல முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நுரைபோன்ற மென்மையான அடிப்பகுதி கொண்ட ஓட்ட ஷூவில் அது நேராக ஏறிவிடும். ஏறியது உடனே தெரியாது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தால், முள்ளின் கொண்டை மட்டும் ஒரு கறுப்புப் புள்ளியாக நிற்கும், நுனி உள்ளே எங்கே நிற்கிறது என்பது அடுத்த முறை அழுத்தி மிதிக்கும்போதுதான் தெரியும். குதிகாலில் ஏற்கெனவே வலி உள்ளவர் முள்ளுக்குப் பயந்து பாதத்தைக் கோணலாக வைக்கத் தொடங்கினால், கெண்டைக்காலும் முழங்காலும் சேர்ந்து கெடும்.

இவையெல்லாம் சமாளிக்கக் கூடிய குறைகள்தாம். கால்வாய்க் கரையையும் சாலையையும் நான் தள்ளிவைத்ததற்கான காரணம் வேறு. திரும்பி வர வேண்டிய தூரம்தான் அந்தக் காரணம். இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கரையிலும் சாலையிலும் ஓட்டம் என்பது போய் வருவது. மூன்று கிலோமீட்டர் போனால் மூன்று கிலோமீட்டர் திரும்ப வேண்டும். போகும்போது கால் சூடேறி, வலி மறைந்திருக்கும். காலைக் காற்றும் பேச்சுத்துணையும் சேர்ந்துகொள்ள, "அண்ணாச்சி, அந்த மடை வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவோம்" என்று ஒருவர் சொல்வார். சரி என்றுதான் நாமும் சொல்வோம். வலி தலைகாட்டுவது பெரும்பாலும் திரும்பும் வழியில். அந்த நேரத்தில் கரையில் ஆட்டோ கிடையாது, மினி பஸ் போகும் பாதையும் அதுவன்று. ஓடித் திரும்பினால் நார்ப்பட்டைக்குக் கேடு. நடந்து திரும்பினாலும், குதியை ஊன்றாமல் பாதத்தின் வெளி விளிம்பில் நொண்டி நொண்டி அத்தனை தூரம் நடப்பது அதற்குக் குறைந்த கேடு அன்று. அதாவது, ஓட்டத்தின் அளவைப் பாதம் தீர்மானிப்பதற்குப் பதிலாக, திரும்பிய இடம் தீர்மானித்துவிடுகிறது. நல்ல கால் உள்ளவருக்கு இதில் ஒன்றுமில்லை. வலியுள்ளவருக்கு இதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம்.

மைதானத்தில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம் போன்ற இடத்தில் 400 மீட்டர் வட்டத்தில் எந்தப் புள்ளியில் நின்றாலும், பையும் வண்டியும் இருக்கும் இடம் கூப்பிடு தூரம். வலி வந்த அந்த அடியிலேயே நின்றுவிடலாம். நிற்பது எளிது என்பதாலேயே நிற்கவும் மனம் வருகிறது. இன்னும் இவ்வளவு தூரம்தானே என்று பல்லைக் கடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கூட வருபவர்களையும் இழக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கரையில் வேகம் குறைந்தவர் தனித்து விடப்படுவார், அல்லது அவருக்காக மற்றவர்கள் மெதுவாக ஓட வேண்டியிருக்கும். வட்டத்தில் அவரவர் வேகத்தில் அவரவர் ஓட, சுற்றுக்கு ஒரு முறை முகம் பார்த்து இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளலாம். காயம்பட்ட காலத்தில் பலர் ஓட்டத்தையே விட்டுவிடுவதற்கு, வலியோடு இந்தத் தனிமையும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அளவு இன்னொரு சௌகரியம். ஒரு சுற்று நடை, ஒரு சுற்று ஓட்டம் என்று தொடங்கி, மறுநாள் முதல் அடி கூடுதலாக வலிக்காவிட்டால் மட்டும் ஓட்டத்தில் ஒரு சுற்றைக் கூட்டலாம். வலித்தால் ஒரு சுற்றைக் குறைக்கலாம். எந்த அளவுக்கு எந்தப் பதில் கிடைத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், சில வாரங்களில் நம் பாதத்தின் கொள்ளளவு நமக்கே புரிந்துவிடும். ஓடும்போது வலியைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு, மூன்றைத் தாண்டினால் நிறுத்திவிடுவது என் வழக்கம்.

மைதானத்தின் காலரிப் படிக்கட்டையும் இங்கே கணக்கில் சேர்க்க வேண்டும். 2014இல் டென்மார்க்கில் இந்த வலி உள்ள 48 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நார்ப்பட்டையை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதியை ஏற்றி இறக்கும் பளுப் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தவர்கள் மூன்று மாதத்தில் கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகிவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. செய்முறை எளிது. ஒரு துண்டைச் சுருட்டிப் படி விளிம்பில் வைத்து, கால்விரல்கள் அதன்மேல் மேல்நோக்கி வளைந்திருக்கும்படி நிற்க வேண்டும். மூன்று விநாடியில் ஏறி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறங்க வேண்டும். மெதுவாகச் செய்தால்தான் பளு இறங்கும்; வேகமாகச் செய்தால் வெறும் ஆட்டம். ஓட்டம் முடிந்த கையோடு படிக்கட்டில் இதைச் செய்துவிட முடிவதால், வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடும் வேலை மிச்சம்.

மைதானத்துக்கும் குறைகள் உண்டு. அலுப்பு முதல் குறை. அதற்கு என்னிடம் மருந்தில்லை. வளைவுகள் இரண்டாவது. எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புவதால் உட்பக்கக் காலில் இழுப்பு விழும். கூட்டமில்லாத நேரத்தில் வெளித்தடத்துக்குப் போனால் வளைவு சற்றுத் தணியும். எட்டாம் தடத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 53 மீட்டர் கூடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும். எதிர்ச்சுற்றாக ஓடுவது, மற்றவர்கள் பயிற்சி செய்யும் நேரத்தில் மோதலில் முடியும் என்பதால் அதைச் சொல்ல மாட்டேன். மெதுவாக ஓடும்போது வளைவுகள் எனக்குத் தொல்லை தரவில்லை. வேக ஓட்டம் பழகுகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதை அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

ஆற்றுமணலும் திருச்செந்தூர்க் கடற்கரை மணலும் இந்த வலிக்கு ஆகாது. குதி புதையப் புதையக் கெண்டைக்கால் இழுபடும், அந்த இழுப்பு நார்ப்பட்டையில் போய் முடியும். டிரெட்மில்லில் நினைத்த நொடியில் நிறுத்தலாம் என்பதால் என் அளவுகோலில் அது தேற வேண்டியதுதான். ஆனால் அதில் நான் ஓடியது கொஞ்சம் என்பதால் அழுத்திச் சொல்ல முடியவில்லை. டவுனில் இருப்பவர்களுக்கு நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய நான்கு ரத வீதிகளும் சேர்ந்து ஒரு வட்டம்தான். கடைகள் திறப்பதற்கு முன் அங்கே ஓடுகிறவர்கள் திரும்பும் தூரச் சிக்கலிலிருந்து தப்பிக்கலாம். தரையும் போக்குவரத்தும் சாலைக்குரியவைதாம்.

தொடர்ந்து அரைமணி நேரம் வட்டத்தில் ஓடி, மறுநாள் முதல் அடி அமைதியாக இருந்தால், வாரத்தில் ஒரு நாளை மட்டும் சாலைக்கு மாற்றலாம். அப்போதும் நேராகப் போய்த் திரும்பாமல், வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கும் தெருக்களாகத் தேர்ந்தெடுத்து, அதையே இரண்டு மூன்று முறை சுற்றுவது நல்லது. கால்வாய்க் கரைக்கு இன்னும் சில வாரங்கள் பொறுக்கலாம். போகும் முதல் நாளில் வண்டியைக் கரையின் தொடக்கத்தில் விடாமல், ஓடப்போகும் தூரத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து இரு பக்கமும் பாதிப் பாதியாக ஓடினால் திரும்பி வரும் தூரம் பாதியாகக் குறைந்துவிடும்.