எரர் கோட் சொல்லுறதை அப்பிடியே நம்பாத கராஜ்

யாழ்ப்பாணம் குளப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட, ஒழுங்கைக்குள்ளை இருக்கிற சின்னக் கராஜ். போர்ட்டும் இல்லை, விசாரிச்சுத்தான் போகவேணும்.

என்ரை வாகன்ஆர் கார் பெட்ரோலை அள்ளிக் குடிச்சுக்கொண்டிருந்தது. முதல் காட்டின வேறொரு இடத்திலை ஸ்கானரைப் போட, எஞ்சின் லைட்டுக்குக் காரணம் பி0128 எண்டு கோட் வந்தது, எஞ்சின் போதியளவு சூடாகேல்லை எண்டு அர்த்தம். எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்திற வால்வான தேர்மோஸ்டாட்டை மாத்திக் காசை வாங்கினாங்கள். கொஞ்ச நாளிலை திரும்பவும் அதே லைட்.

இங்கத்தைய தம்பி அந்தக் கோட் நம்பரைப் பாத்திட்டு, "ஐயா, இரவு விட்டிட்டுப் போங்கோ, எஞ்சின் ஆறினாப்பிறகு பாக்கவேணும்" எண்டார். காலமை ஸ்டார்ட் பண்ண முதல் ரீடிங்கைக் காட்டினார்: உள்ளை வாற காத்து 29 பாகை, கூலன்ட் (எஞ்சினைக் குளிராக்கிற தண்ணி) 22. இரவு முழுக்க நிண்ட வாகனத்திலை ரெண்டும் ஒண்டாயெல்லோ இருக்கவேணும்? சூடாக்கினாப்பிறகு கூலன்ட் 55 எண்டுது ஸ்கானர். இன்ஃப்ராரெட் தேர்மோமீட்டரைப் பிடிச்சால் 84. கூலன்ட் சென்சரின்ரை வயர் பிளக்கைக் கழட்ட, பின் எல்லாம் பச்சையாய்ப் பூத்துக்கிடக்கு. கடல்காத்தின்ரை வேலை. இந்தச் சென்சரிலை மின்தடை கூடினால் குளிர் எண்டு அர்த்தம்; அதாலை எஞ்சின் இன்னும் குளிர் எண்டு நினைச்சு ஈசியூ (எஞ்சினை நடத்திற கணினி) பெட்ரோலை ஊத்தியிருக்கு. ரேடியேட்டர் ஃபானும் நேரத்துக்குச் சுத்தியிராது, அதுதான் பெரிய ஆபத்து. பிளக்கை மாத்தின கையோடை ரெண்டு ரீடிங்கும் ஒத்துவந்தது.

நான் விமான எஞ்சின் பராமரிப்பிலை கனகாலம் இருந்த ஆள். அங்கையும் இதே தலையிடிதான். பறக்கேக்கை தள்ளுவிசையை நேரை அளக்கேலாது. அமுக்கம், சுழல்வேகம், வெப்பநிலையை வச்சுக் கணிக்கிறதுதான். காத்தை அமுக்கிற கம்பிரசருக்குப் பின்னாலை இருக்கிற வெப்பச் சென்சர் கொஞ்சம் கூடக் காட்டினால், கம்பிரசர் தேஞ்சுபோச்சு எண்டு கணக்குச் சொல்லும். முழுசாய்ச் செத்த சென்சரை ஃபேடெக் (விமான எஞ்சினை நடத்திற கணினி) கெதியாய்ப் பிடிச்சிடும். மெல்ல மெல்ல விலகுறதுதான் அம்பிடாது. 1982 ஜனவரி 13 வாஷிங்டனிலை விழுந்த எயார் ஃபுளோரிடா 737இலை, எஞ்சின் முகப்பு அமுக்கக் குழாயை ஐஸ் அடைச்சிட்டுது. தள்ளுவிசையைக் கணிக்கிற அமுக்க விகிதம் 2.04 எண்டு மீட்டர் காட்ட, உண்மையிலை 1.70 அளவுதான். பக்கத்து மீட்டரெல்லாம் சரியாத்தான் காட்டினது. 78 பேர் செத்தவை.

கராஜிலை குறை எண்டால், இருக்கக் கதிரை இல்லை, ஃபோன் அடிச்சால் எடுக்கிறேல்லை. அவசரக்காரருக்குச் சரிவராது. பில்லிலை பிளக்கும் கூலியும் மட்டும், சென்சர்கூட மாத்தேல்லை. ஹைபிரிட் பட்டரி திருத்திற வேலை எடுக்கிறேல்லை எண்டு முதலே சொல்லிடுவார். அஞ்சுக்கு நாலு குடுப்பன்.