‘பர்மிஷன் எல்லாம் பக்கா’ என்றவரை நம்பி நடுத்தெருவில் நின்றோம்

குறும்படமோ விளம்பரமோ எடுக்கக் கிளம்பும் சின்ன யூனிட்காரர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். பொது இடத்தில் ஷூட்டிங் நடத்த அனுமதி வாங்கித் தருகிறேன் என்று வந்த ஓர் இடைத்தரகரிடம் போன மாதம் ஏமாந்தோம். பணம் போனது, ஒரு நாள் கால்ஷீட் போனது, ஜெனரேட்டர் வண்டியையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஏழு நிமிடக் குறும்படம். பொது நூலகத்தின் படிக்கட்டில் தொடங்கி, அதை ஒட்டிய தெருவில் நடந்தபடியே முடியும் ஒரே நீளக் காட்சி. 14 பேர், 4 வண்டிகள்: கேமரா வேன், லைட் லாரி, ஜெனரேட்டர், மேக்கப் வேன். புரொடக்‌ஷன் பொறுப்பு என்னுடையது. தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்த ஆள் வந்தார். “தெரு, நடைபாதை, பார்க்கிங், போலீஸ் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் சார். நீங்க கேமராவ வச்சா போதும், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றார். பாதித் தொகை முன்பணம், மீதி அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் என்று பேசி முடித்தோம்.

முந்தின நாள் மாலை கடிதம் வந்தது. கைக்கு இல்லை, வாட்ஸ்அப்பில், போட்டோவாக. மேலே முத்திரை, பக்கத்தில் எண், கீழே கையெழுத்து. நான் முத்திரையைப் பார்த்தேன், எங்கள் படத்தின் பெயரைப் பார்த்தேன், மீதிப் பணத்தை அனுப்பிவிட்டேன். அந்த ஒரு பக்கத்தை வரிவரியாகப் படித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும்.

காலை ஐந்தரைக்குப் போனபோது தெருவோரம் முழுக்க ஆரஞ்சு நிறக் கூம்புகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மரங்களில் ‘ஷூட்டிங் நடக்கிறது, வண்டி நிறுத்தாதீர்கள்’ என்று அச்சடித்த தாள்கள் ஒட்டியிருந்தன. பார்க்க நம்பிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் கூம்புகளுக்கு நடுவிலேயே மூன்று கார்கள் நின்றன. தரகர் அனுப்பியிருந்த பையனைக் கேட்டால், “ஓனருங்க வந்து எடுத்துருவாங்கண்ணே, பர்மிட் இருக்கு, யாரும் கேக்க மாட்டாங்க” என்றான். லைட் லாரியை அந்தக் கார்களை ஒட்டி நிறுத்தினோம். ஜெனரேட்டருக்கு இடம் கிடைக்காமல் பேருந்து நிறுத்தத்துக்குள் பாதி நுழைந்து நின்றது.

ஏழு மணி தாண்டி ஒரு பெண்மணி வந்தார். உள்ளே மாட்டிக்கொண்ட கார்களில் ஒன்று அவருடையது. “அம்மாவுக்கு டயாலிசிஸ் இருக்கு, எட்டு மணிக்குள்ள அங்க இருக்கணும், லாரிய எடுக்கச் சொல்லுங்க” என்றார். லாரி டிரைவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவர இருபது நிமிடம் ஆனது. அதுவரை அவர் திட்டவில்லை, கத்தவில்லை. கார் கூரையில் ஒரு கையை வைத்தபடி நின்றார். உள்ளே அவருடைய அம்மா சீட் பெல்ட் போட்டு மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அந்தப் பெண்மணி போலீஸுக்குப் போன் செய்தார். அவர் செய்தது முழுக்கச் சரி. அவரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

வந்த அதிகாரி அனுமதிக் கடிதத்தைக் கேட்டார். போனைக் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கி என் பக்கம் திருப்பிக் காட்டினார். தேதியில் இருந்த ‘2’ மட்டும் மற்ற எண்களைவிடக் கொஞ்சம் தடிமனாக, வரியிலிருந்து இறங்கி இருந்தது. படத்தின் பெயரும் வேறு எழுத்துருவில் இருந்தது. இடம் என்ற கட்டத்தில் ‘நூலகப் படிக்கட்டு’ என்று மட்டும்தான் இருந்தது, தெருவே இல்லை. நேரம் பிற்பகல் 2 முதல் 6 வரை. வண்டிகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு. கடிதத்தின் எண்ணைச் சொல்லி அலுவலகத்தில் விசாரித்தார். அது முன்பு வேறு ஒரு குழுவுக்குக் கொடுத்த அனுமதி. “இது படம் எடுக்கறதுக்கு, அதுவும் வேற ஆளுக்கு. வண்டி நிறுத்த உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையே” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

முதலில் பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஜெனரேட்டரைத்தான் தூக்கினார்கள். கேபிள்கள் அப்படியே இருந்தன. லைட்மேன்கள் ஓடிப்போய்க் கழற்றினார்கள். தரகரின் போன் முதலில் பிஸி, அப்புறம் சுவிட்ச் ஆஃப்.

அதற்குப் பிறகுதான் இந்த விதிகளை உட்கார்ந்து படித்தேன். அடிப்படை இதுதான்: படம் எடுக்கும் அனுமதி வேறு, வண்டி நிறுத்தும் அனுமதி வேறு. சில நகரங்களில் ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் கேட்கலாம், பல இடங்களில் தனித்தனி அலுவலகம். லண்டனில் 33 உள்ளாட்சிகள் இருக்கின்றன, தெருவில் ஷூட்டிங் என்றால் பெரும்பாலும் அந்தத் தெரு எந்த உள்ளாட்சியில் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும். பார்க்கிங் இடத்தைத் தற்காலிகமாக ஒதுக்கித் தருவது அதிலும் தனி வேலை. நியூயார்க்கில் கையில் பிடித்த கேமராவோ முக்காலியோ மட்டும் வைத்துக்கொண்டு, இடத்தை மறிக்காமல், வண்டிக்கு இடமும் கேட்காமல் எடுத்தால் அனுமதியே தேவையில்லை. அங்கே பார்க்கிங் சலுகை கிடைத்தாலும் அது படப்பிடிப்புக்குத் தேவையான வண்டிகளுக்கு மட்டும்தான், யூனிட் ஆட்களின் சொந்தக் கார்களுக்குக் கிடையாது. தீயணைப்புக் குழாய், பேருந்து நிறுத்தம், மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் இவற்றையெல்லாம் ஷூட்டிங் அனுமதியைக் காட்டித் தொட முடியாது.

அந்தக் கூம்புகளுக்கும் தாள்களுக்கும் எந்த மதிப்பும் இல்லை. ‘நிறுத்தாதே’ அறிவிப்பு நகர நிர்வாகத்தின் பெயரில், அனுமதி எண்ணோடு, முன்கூட்டியே வைக்கப்பட வேண்டும். ஓர் ஊரில் 24 மணி நேரம் முன்பு என்றால் இன்னோர் ஊரில் 72 மணி நேரம். அப்படி முறையாக வைத்திருந்தால்தான் நிற்கும் காரை அகற்றச் சொல்ல முடியும். எங்கள் தாள்களை ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்மணி காரை நிறுத்தியபோது மரத்தில் எதுவுமே இருந்திருக்காது.

இன்னொன்று. பெரும்பாலான நகரங்கள் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்கும், அதில் நகர நிர்வாகத்தின் பெயரையும் சேர்க்கச் சொல்லும். அந்தத் தாள் இல்லாமல் விண்ணப்பமே நகராது. எங்கள் ஆள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை சுலபமாக முடிகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். யாராவது உங்களிடம் அனுமதி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காப்பீட்டைக் கேட்கவில்லை என்றால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். கடிதம் வந்ததும் அதிலிருக்கும் எண்ணை வைத்து நீங்களே அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். தரகர் கொடுக்கும் போன் நம்பருக்கு வேண்டாம், அலுவலகத்தின் இணையதளத்தில் இருக்கும் நம்பருக்கு.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். கடிதத்தின் நகலையும் அனுமதி வழங்கும் அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. பணம் இதுவரை வரவில்லை. அதே ஆள் இப்போது வேறு நம்பரிலிருந்து, வேறு பெயரில், இன்னொரு குழுவிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதால்தான் அவசரமாக இதை எழுதுகிறேன்.

அதே காட்சிக்கு இந்த வாரம் நானே நேரில் போய் விண்ணப்பித்தேன். கவுன்டரில் இருந்தவர் கதையைக் கேட்கவில்லை, கேமராவைப் பற்றியும் கேட்கவில்லை. படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “எத்தனை வண்டி? ஒவ்வொண்ணும் எவ்வளவு நீளம்?”